மொட்டைமாடியில் பெண் பார்த்த விவரம்

தெப்ராவ்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த ராஜம்மா அக்காவுக்குத் தம்பி கமலநாதன் வணங்கி எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே சாஆவில் உங்கள் முட்டிவலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்க முருகனை வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், அத்தான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போடுவார், சாயங்காலத்துக்குள் சாஆ முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம்.

நீங்கள் எனக்காகப் பார்த்த பத்து பாகாட் ஊர்ச் சந்திரமதியைச் சனிக்கிழமை சந்தித்துவிட்டேன். இது சரிப்படாது, அக்கா. அவர்கள் வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்பீர்கள், ஆகையால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

எல்லாம் உங்கள் மகள் லோஷினியின் ஏற்பாடு. "மாமா, கோயில்ல பாத்தா ஊரே பாக்கும். வாழையில சாப்பாட்டுக் கடைக்குப் போனா உங்க கூட்டாளிங்க வந்து கூடவே உக்காந்துக்குவாங்க. ஜேபி டவுன்ல மொட்டமாடியில ஒரு மாடர்ன் தாய்லாந்து ரெஸ்டாரண்ட் இருக்கு, அங்க போங்க லா" என்றாள். தாய் சாப்பாடு என்றால் தொம்யாம் சூப்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். புதுப் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு போனால், அந்தக் கட்டடத்து லிஃப்ட் கார்டு இல்லாமல் நகரவில்லை. யாரோ ஒரு குடும்பம் ஏறியது, கூடவே ஏறினேன், கதவு திறந்தால் நீச்சல் குளம். முழுக்கைச் சட்டையும் காலில் பளபளக்கும் சப்பாத்துமாக நான் நிற்பதைப் பார்த்து, துண்டு கட்டிய ஒரு சீனப் பெரியவர் என்னை மேனேஜர் என்று நினைத்து, தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருப்பதாகப் புகார் சொன்னார். கவனிக்கச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, மிச்சம் ஐந்து மாடியையும் படியேறிப் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது, மூச்சு இரைத்தது, சந்திரமதியோ எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"படியிலயா வந்தீங்க?"

"உடம்புக்கு நல்லதுங்க" என்றேன். அவர் சிரித்தார். நீங்கள் அனுப்பிய படத்தில் தலைமையாசிரியை மாதிரி இருந்தார். நேரில் அப்படி இல்லை. சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் முதலில் கிளம்புகிறது, மறுபக்கம் யோசித்துவிட்டு வருகிறது.

முதலில் ஒரு கறுப்புக் கல்லின் மேல் வெற்றிலை வந்தது. சாப்பிடுவதற்கு முன்பே வெற்றிலை கொடுத்து அனுப்பிவிடுகிறார்களே என்று பதறிவிட்டேன். அதில் வறுத்த தேங்காய், கச்சான் கடலை, இஞ்சி, மிளகாய் எல்லாம் வைத்து மடித்து வாயில் போட வேண்டுமாம். நான் மடித்ததில் பாதி சட்டைப்பைக்குள் போனது. சந்திரமதி தானே ஒன்றை மடித்து என்னிடம் நீட்டி, "வெத்தல மாத்திக்கிட்டோம்னு தெரிஞ்சா எங்கண்ணன் தேதி குறிச்சிடுவாரு" என்றார். எனக்கு ஐம்பத்து நான்கு வயது, அக்கா. காது சுட்டது. அடுத்து கண்ணாடிக் கெண்டியில் ஏதோ கொண்டுவந்து ஊற்றினார்கள். தேத்தண்ணி என்று நினைத்துச் சீனி கேட்டேன். அதுதான் தொம்யாமாம்.

கீழே பாலம் தெரிந்தது. சிங்கப்பூரிலிருந்து திரும்பும் மோட்டார்சைக்கிள் விளக்குகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன.

"அழகா இருக்குல்ல?" என்றார்.

"அந்த வரிசைக்குள்ள நின்னா தெரியாதுங்க. முன்னால இருக்கறவரோட ஹெல்மெட்டுதான் தெரியும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயி இருபத்தாறு வருஷம் நின்னுருக்கேன்."

அவர் அந்த விளக்குகளிலிருந்து என் பக்கம் திரும்பினார். "எனக்கும் ஒரு வரிச இருந்துச்சிங்க. அப்பாவ டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறது. வாரத்துக்கு மூனு நாளு, பதினோரு வருஷம். போன வருஷம் அவரும் போயிட்டாரு. இப்ப ஸ்கூல் ஆபீஸ்ல கிராணி வேல முடிஞ்சா வீடு. வீட்ல யாரு இருக்கா?" என்றவர், "நீங்க ஏங்க கல்யாணமே பண்ணிக்கல?" என்று கேட்டார்.

சரியாக அந்த நேரத்தில் நான் ஒரு மிளகாயைக் கடித்துவிட்டேன். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாயில் வார்த்தை வரவில்லை. சந்திரமதி பதறிப்போய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, சொல்ல வேணாம். நான் கேட்டுருக்கக் கூடாது" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. மிளகாய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. சொன்னால் கையை எடுத்துவிடுவாரே. ரத்த அழுத்தம் பார்க்கும் தாதியைத் தவிர என் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை, அக்கா. அடுத்த தட்டு வரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, எல்லோரும் தட்டோடு ஓடினோம், கீழே காத்திருந்த அவருடைய அண்ணன் போன் போட்டார், அவர் ஏறியதும் லிஃப்ட் கதவு மூடிவிட்டது. அது மிளகாய்தான் என்று சொல்லாமலேயே போயிற்று.

ஒரு மிளகாயைக் காட்டி அனுதாபம் வாங்கியவன் நான். பதினோரு வருடம் பிறருக்காக ஓடிய ஒருவருக்கு இப்படிப்பட்ட ஆளா? சனிக்கிழமையிலிருந்து வீட்டில் சுவர்க்கடிகாரம் பெரிய சத்தமாகக் கேட்கிறது. இத்தனை வருடம் அது என் காதில் விழுந்ததே இல்லை. நேற்று பேட்டரியைக் கழற்றிவிட்டேன், இன்று வேலைக்குத் தாமதம். இதெல்லாம் இரண்டு நாளில் சரியாகிவிடும். எனக்குத் தனியாக இருந்தே பழகிவிட்டது. ஆகவே, வேண்டாம் என்பதே என் முடிவு.

அத்தானுக்கு என் வணக்கம். லோஷினிக்கு என் ஆசி, கொஞ்சமாக. மாரியம்மன் உங்கள் எல்லோரையும் நலமாக வைத்திருக்கட்டும்.

பாசமுள்ள தம்பி,
கமலநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் சந்திரமதி போன் செய்தார். "சனிக்கிழமை ஸ்கூல் லீவுங்க. பத்து மணிக்கு பஸ்ஸு லார்க்கின் ஸ்டேஷனுக்கு வந்துடும். உங்களுக்கு வேல இருந்தா வேணாம்" என்றார். அவர் முடிப்பதற்குள் "வேலையே இல்லீங்க" என்றேன். இருக்கிறது, லீவு போட வேண்டும். மிளகாய் விஷயத்தை அவரிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன். மேலே எழுதியதை நம்பி, படிக்கும்போதே பத்து பாகாட்டுக்குப் போன் போட்டிருந்தீர்கள் என்றால், தம்பிக்குக் காய்ச்சல், உளறுகிறான் என்று உடனே மறுபடியும் போட்டுச் சொல்லிவிடுங்கள். இன்றைக்குச் செவ்வாய்தான் ஆகிறது, அக்கா. இன்னும் நாலு நாள் இருக்கிறது.