பதிலாள் வந்தாச்சா

ஓர் ஊரில் ஒரு குடிநீர் வழங்கல் அலுவலகம் இருந்தது. அலுவலகம் எப்போதும் இருந்தது. குடிநீர் அவ்வப்போது இருந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் எப்போதும் இருந்துவிட்டால், ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த அலுவலகத்தின் மாடியில் ஓர் அறை. அலமாரியைத் திறந்தால் ஜன்னலைத் திறக்க முடியாது. ஜன்னலைத் திறந்தால் அலமாரி மூடிக்கொள்ளும். அங்கே உட்கார்ந்து வேலை பார்த்த உதவியாளருக்கு முதலிடத்தம்மா என்று பேர். காரணம் இருந்தது. அலுவலகத்துக்கு ஓர் இணையதளம் உண்டு. ஜனங்கள் கைபேசியில் என்னென்ன வார்த்தைகளைத் தட்டித் தேடுகிறார்கள், அப்படித் தேடும்போது நம் இணையதளம் எத்தனையாவதாக வந்து நிற்கிறது என்று தேடுபொறிக்காரர்கள் ஒரு பட்டியல் காட்டுவார்கள். அதைக் காலையில் பார்த்து, தாளில் எழுதி, பெரிய அதிகாரியிடம் படித்துக் காட்ட வேண்டும். அதுதான் அவள் வேலை.

"குழாயில் தண்ணீர் வரவில்லை, முதல் இடம் சார். குழாயில் காற்று மட்டும் வருகிறது, முதல் இடம் சார். தண்ணீரில் துருவாடை, இரண்டாம் இடம் சார்."

பெரிய அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பதுபோலக் கேட்பார். துருவாடை வந்ததும் முகம் சுளிப்பார். நாமும் முன்னேற வேண்டும், பாருங்கள் என்பார்.

படித்துவிட்டுப் படியிறங்கும்போது அவள் இன்னொரு காரியமும் செய்வாள். படிக்கட்டுக்கு அடியில், நீளமான இரும்புச் சாவியைச் சுவரில் சாய்த்துவைத்துக்கொண்டு, தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்காரர் உட்கார்ந்திருப்பார். "அண்ணே, பள்ளிக்கூடத் தெருன்னு போட்டு நிறையப் பேர் தேடியிருக்காங்க" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவாள். அவரும் சைக்கிளில் சாவியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடத் தெருவில் தண்ணீர் வந்துவிடும். இது யாருடைய பணிப் பட்டியலிலும் இல்லாததால், அலுவலகத்தைப் பொறுத்தவரை இப்படி ஒன்று நடக்கவே இல்லை.

அவளுடைய புருஷனும் பெண் குழந்தையும் பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் வேறு ஊரில் இருந்தார்கள். அந்த ஊர்க் கிளைக்கே மாற்றல் கேட்டு அவள் எழுதாத விண்ணப்பம் இல்லை. கடைசியில் உத்தரவும் வந்தது. மாற்றல் வழங்கப்பட்டது. கீழே ஒரு வரி: 'பதிலாள் வந்து பொறுப்பேற்றதும் விடுவிக்கப்படுவார்.'

பதிலாள் வரவில்லை. வருவதற்கு அந்த அறையைப் பார்த்த யாருக்கும் மனசு வரவில்லை. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அந்த வார்த்தை மனப்பாடமாகிவிட்டது. மற்றப் பிள்ளைகள் போனை எடுத்தால் என்ன வாங்கி வருவே என்று கேட்கும். இது, "அம்மா, பதிலாள் வந்தாச்சா?" என்றுதான் ஆரம்பிக்கும். இன்னும் இல்லடா கண்ணு என்றதும் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடும். அதற்கப்புறம் அவளுக்குப் புருஷன் சொல்வது எதுவும் காதில் ஏறாது.

இப்படி இருக்கையில் பெரிய அதிகாரி ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு, தோளில் ஒரு துணிப்பையும் வாயில் ஒரு புது வார்த்தையுமாகத் திரும்பினார். பை தையல் விட்டுப்போயிற்று. வார்த்தை நின்றுவிட்டது.

தானியங்கி ஏற்றுமதி. உலகத்தில் இப்போது எவனும் தேடல் விவரத்தைத் தாளில் எழுதுவதில்லையாம். அது தானாகவே கிளம்பி, மேகக் கிடங்கில் போய் உட்கார்ந்துகொள்கிறதாம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மின்வாரியத்துக்காரர், உங்களுக்கு இன்னும் கிடங்கு இல்லையா என்று கேட்டாராம். சோறு இறங்கவில்லையாம்.

"கிடங்குல போட்டு என்ன சார் பண்றது?" என்று அவள் கேட்டாள்.

"அதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல போட்டு வைப்போம்."

அவளே கையேட்டைப் படித்து வழியைக் கண்டுபிடித்தாள். எங்கோ இருக்கும் பெரிய கணினிகளில் வாடகைக்குக் கொஞ்சம் இடம், அதுதான் கிடங்கு. தேடுபொறிக்காரர்களின் ப்ரோகிராம் ஒன்று தினமும் விவரத்தைக் கொண்டுவந்து அதில் சேர்க்கும். அந்த ப்ரோகிராமுக்குக் கிடங்கில் நுழைய அனுமதி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அனுமதி என்ற சொல் வந்துவிட்டதால் கோப்பு நேரே கண்காணிப்பாளர் மேஜைக்குப் போயிற்று. அவர் விதிப்புத்தகத்தை மேஜையில் வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றி, முழங்கையின்மேல் தன் வாழ்க்கையை வைத்திருந்தவர்.

"சாவியை யாருக்குக் குடுக்கணும்கறே?"

"ஆள் இல்ல சார், ப்ரோகிராம். தினமும் அதுபாட்டுக்கு வந்துட்டுப் போயிடும்."

"யாரும் கூப்பிடாம வந்துட்டுப் போறவனுக்கு ஊர்ல வேற பேரு. அவனுக்கா சாவி?"

"எடுத்துட்டுப் போறதில்ல சார். வச்சுட்டுப் போறது."

"அது இன்னும் சந்தேகமால்ல இருக்கு."

விதி தெளிவாக இருந்தது. 'ஊழியர் அல்லாத எவருக்கும் கிடங்குத் திறவு அதிகாரம் வழங்கப்படலாகாது.' குழாயும் சிமெண்டும் வைக்கிற கொட்டகைக்காக எழுதிய விதிதான். ஆனாலும் கிடங்குக்குச் சுவர் இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. ஆகவே கண்காணிப்பாளர் ரொம்ப யோசித்து, எல்லோருக்கும் நல்ல வழி ஒன்று சொன்னார். ப்ரோகிராமை ஊழியராக்கிவிடுவது.

தானியங்கி என்ற பெயரில், தற்காலிக உதவியாளராக அது பதிவேட்டில் ஏறியது. தகப்பனார் பெயர் இருந்த இடத்தில் தேடுபொறி நிறுவனத்தின் பெயர். உடல்தகுதிச் சான்று இல்லாமல் வேலைக்கு எடுக்க முடியாதே. அலுவலக மருத்துவர் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் ஒன்று எழுதிக் கொடுத்தார்: 'நோய் எதுவும் தென்படவில்லை. ஆளும் தென்படவில்லை.' முதல் வரி போதும் என்று கண்காணிப்பாளர் அதற்குக் கீழே மடித்துவிட்டார்.

மறுநாளே தானியங்கி வேலையைத் தொடங்கிவிட்டார். ஊழியர் ஆகிவிட்டபடியால் இனி அவர்தான். அது என்று சொல்வது நடத்தை விதிகளுக்கு முரண். பெரிய அதிகாரி மகிழ்ந்துபோய், போன வருஷத்து விவரங்களையும் கிடங்கில் சேர்க்கச் சொன்னார். ஆரம்பித்த நாளிலிருந்துதான் சேரும், பழசு வராது என்று அவள் விளக்கினாள். அதற்கென்ன, முன்தேதியிட்டு உத்தரவு போட்டால் வந்துவிட்டுப் போகிறது என்று அவர் போட்டார். வரவில்லை. ஏன் வரவில்லை என்று விளக்கம் கேட்டுத் தானியங்கிக்குக் குறிப்பாணை போயிற்று. பதில் இல்லை. நினைவூட்டல் போயிற்று. அதற்கும் இல்லை. கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "புது ஆளுன்னு நினைச்சேன். நல்ல அனுபவஸ்தர் போலிருக்கு."

அவளுக்கோ வேலை இல்லாமல் போயிற்று. இரண்டு நாள் ஜன்னலைத் திறந்தாள், இரண்டு நாள் அலமாரியைத் திறந்தாள். அதற்கப்புறம் ஒருநாள் மளமளவென்று இறங்கிவந்து கண்காணிப்பாளர் எதிரில் நின்றாள்.

"சார், என் வேலையை இப்போ யாரு சார் பார்க்கறது?"

"தானியங்கி."

"அவர் நம்ம ஊழியர்தானே?"

"ஏம்மா, நான்தானே பதிவேட்டுல ஏத்தினேன்."

"அப்ப எனக்குப் பதிலாள் வந்தாச்சு இல்லையா சார்?"

கண்காணிப்பாளர் முழங்கையை எடுத்தார், புத்தகத்தைத் திறந்தார். பொறுப்பேற்றதற்குக் கையெழுத்து வேண்டுமே என்று ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார். அதற்கும் அந்தப் புத்தகத்திலேயே விடை இருந்தது. தெரிவித்த பின்பும் மறுப்புச் சொல்லாதவர் சம்மதித்தவராகக் கருதப்படுவார். தானியங்கிக்குத் தெரிவிக்கப்பட்டது. அவர் மறுக்கவில்லை.

பிரிவுபசாரத்தில் பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்தார்கள். பெரிய அதிகாரி அவளைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார்; அவளுடைய பதிலாளைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். அவர் விடுப்புக் கேட்டதில்லை, தாமதமாக வந்ததில்லை, மின்விசிறி கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் பிஸ்கட்டைப் பார்த்தார்கள்.

பஸ் நிலையத்தில் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. பதிலாள் வந்தாச்சாம்மா, ஆணா பொண்ணா என்று கேட்டது. ரெண்டும் இல்லடா, ரொம்ப நல்லவர் என்றாள் அவள். அன்றைக்கு அவளைப்போல் சந்தோஷமானவள் அந்த ஊரில் இல்லை.

இங்கே பழைய ஊரில் தானியங்கி தம் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பள்ளிக்கூடத் தெருவில் தண்ணீர் நின்றது. ஜனங்கள் தேடினார்கள். அந்தத் தேடல் அன்றே பத்திரமாகக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது. கடைத்தெருவில் நின்றது. அதுவும் போய்ச் சேர்ந்தது. கிடங்கை யாரும் திறந்து பார்க்கவில்லை. அதற்குப் பதவி எதுவும் உருவாக்கியிருக்கவில்லை. படிக்கட்டுக்கு அடியில் வால்வுக்காரர் எந்தத் தெரு என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தார். இரும்புச் சாவி சாய்ந்திருந்த இடத்தில் சுவரில் துருக்கறை படிந்தது.

பெரிய அதிகாரியின் அறையில் மட்டும் ஒரு திரையில் கோடு ஒன்று ஏறிக்கொண்டே இருந்தது. நம் இணையதளத்தை எத்தனை பேர் தேடி வருகிறார்கள் என்பதைக் காட்டும் கோடு. மேலிடத்துக்கு அதைப் படமெடுத்து அனுப்பினார். மேலிடம் சிலிர்த்துப்போனது. வந்த சில வாரத்தில் மக்களை இப்படி இழுத்திருக்கிறாரே, யார் இந்த ஊழியர் என்று விசாரித்தது. தானியங்கிக்குப் பதவி உயர்வு வந்தது. எல்லாக் கிளைகளுக்கும் மேலாளர்.

அவர் மேலாளர் ஆனதில் எந்தக் கிளையிலும் எந்த மாற்றமும் தெரியவில்லை. நேரில் வருவதில்லை, கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை, என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான்.

ஆனால் ஒரு சிக்கல். தானியங்கி மேலே போனதால், அவர் இருந்த உதவியாளர் இடம் காலியாகிவிட்டது. காலியிடத்தை முன்பு வகித்தவரைக் கொண்டு நிரப்பலாம் என்று விதி இருந்தது. இருக்காதா பின்னே. முதலிடத்தம்மாவுக்கு உத்தரவு வந்தது. பழைய அறைக்குத் திரும்பவும், பதிலாள் வரும் வரை.

அவள் பேனாவை எடுத்தாள். அவர் ஆளே இல்லை, அவருக்கு எப்படிப் பதவி உயர்வு என்று எழுதப் போனாள். எழுதினால், ஆளே இல்லாதவரைப் பதிலாள் என்று வாதாடி வெளியே போனது யார் என்று கேட்பார்கள். கண்காணிப்பாளராலும் எழுத முடியாது. பதிவேட்டில் ஏற்றியவர் அவர். மருத்துவராலும் முடியாது. குடும்பத்தோடு இருக்க விடுங்கள் என்று மட்டும் மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் போட்டாள். மேலாளர் தானியங்கி. பதில் எப்படி வரும்.

திரும்பிவந்த முதல் நாளே பழக்கம் விடாமல் பட்டியலைத் திறந்து பார்த்தாள். பார்த்தவள் படியில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினாள். "அண்ணே, எந்தத் தெருன்னு சொல்ல? ஊரே தேடியிருக்கு." வால்வுக்காரர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு கிளம்பினார். ஒரு வாரத்தில் ஊரெல்லாம் தண்ணீர். தண்ணீர் வந்ததும் ஜனங்கள் தேடுவதை விட்டுவிட்டார்கள். திரையில் கோடு தொப்பென்று விழுந்தது.

தாங்கள் பணியேற்றது முதல் பொதுமக்களின் ஆர்வம் குன்றியிருப்பதன் காரணத்தை விளக்கவும் என்று அவளுக்குக் குறிப்பாணை வந்தது. அவள் பதில் எழுதவில்லை. மேலாளரிடம் கற்றுக்கொண்டதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் மகள் அழவில்லை. ரகசியம் சொல்கிற குரலில் பேசியது. அப்பாவின் போனில் தானே தட்டித் தேடியதாம். 'எங்கம்மாவுக்குப் பதிலாள் எப்போ வரும்.' தேடினால், மாற்றல் உத்தரவெல்லாம் போட்டுவைத்திருக்கிற அம்மா ஆபீஸ் இணையதளம்தான் வருகிறதாம். ஆனால் விடை வரவில்லையாம். "என் ஃப்ரெண்ட்ஸ் கிட்டயும் சொல்லியிருக்கேம்மா. எங்க க்ளாஸ் மொத்தமும் தினமும் தேடுது. எங்க மிஸ்ஸும் தேடினாங்க."

அடுத்த வாரம் பட்டியலில் அது வந்துவிட்டது. துருவாடைக்கு மேலே. எங்கெங்கோ மாற்றல் உத்தரவோடு காத்திருந்தவர்களும், அவர்கள் வீட்டுக்காரர்களும், அவர்கள் பிள்ளைகளும் கேள்விப்பட்டுத் தேட ஆரம்பித்திருந்தார்கள்போல. கோடு மறுபடியும் தலை தூக்கியிருந்தது. அவள் தாளை எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். இதைக் கேட்டாவது மனசு இளகாதா என்ற ஆசை.

"எங்கம்மாவுக்குப் பதிலாள் எப்போ வரும், முதல் இடம் சார்."

பெரிய அதிகாரி கண்ணைத் திறந்தார். அவர் கண்ணில் ஈரம்கூடத் தெரிந்தது.

"முதல் இடமா? தண்ணி வந்ததும் விழுந்த கோட்டை இது ஒண்ணே தூக்கி நிறுத்திடுச்சேம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, சொந்த அண்ணன்போலக் கவலையோடு சொன்னார். "ஜாக்கிரதையா இருங்க. பதிலாள் வந்துட்டா அப்புறம் இதை யாரு தேடுவா?"