பூட்டி வைத்த சுத்தம்

எங்கள் தோட்டத்துக்குப் பெரிய ஆள் யாராவது வருகிறார் என்றால், வேலைக்குப் போகிறவர்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவுக்கு வெள்ளையடித்து, புதுப்பாய் விரித்து, பிள்ளைகளை வெளியே நிறுத்திவிடுவார்கள். உள்ளே இருந்தால் அழுக்காக்கிவிடுமே! அந்த வாசலில் மூக்கொழுக நின்று வளர்ந்தவன் நான். சுத்தம் என்றால் யாரும் தொடாத இடம் என்று என் மண்டையில் ஏறியது அப்படித்தான்.

கலவான ஊர்ப் பக்கம் எங்கள் ஆற்றை மறித்துச் சின்ன மின்சார நிலையம் கட்ட ஒரு கம்பனி வந்தது. சுகாதாரக் கோர்ஸ் ஒன்று முடித்துவிட்டுச் சும்மா கிடந்த எனக்கு, வேலைத்தளத்தின் சுகாதார மேற்பார்வையாளர் உத்தியோகம். மஞ்சள் ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். (அக்கா சத்தம் போடும்வரை அதைப் போட்டுக்கொண்டுதான் சோறு தின்றேன்.)

வேலையாட்களுக்கு வரிசையாகப் புதுக் கக்கூஸ் கட்டியிருந்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் ஐயா, எங்கள் பேச்சில் பீ.எச்.ஐ. மாத்தயா, திங்கட்கிழமை வருவதாகச் செய்தி. நான் விடுவேனா? எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, பினாயில் ஊற்றி, கதவுக்குக் கதவு பூட்டுப் போட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டேன்.

கம்பி கட்டும் பெருமாள் அண்ணன் காலையிலேயே வந்து நின்றார்.

"தம்பி, தொறந்து விடுங்க."

"திங்கக்கெழம வரைக்கும் பொறுத்துக்கங்கண்ணே. மாத்தயா பாத்துட்டுப் போகட்டும்."

"என் வயித்துக்கு யாரு தம்பி கெழம சொல்றது?"

அவர் மர மறைவு தேடி, பக்கத்து ரப்பர் மலைக்கு ஏறினார். அவர் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள். நான் பார்க்காத மாதிரி ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டேன்.

திங்கட்கிழமை மாத்தயா வரவில்லை, மழைதான் வந்தது. விடாமல் பெய்து, ரப்பர் மலையில் கிடந்ததையெல்லாம் கழுவி ஓடையில் சேர்த்தது. அந்த ஓடையிலிருந்துதான் கீழே தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்குக் குடிக்கிற தண்ணீர் போகிறது. லயத்தில் என் அக்காவும் அவள் மகள் ஷாலினியும் இருக்கிறார்கள். கோர்ஸ் படித்த இந்த அறிவாளிக்கு அது தோன்றவேயில்லை. பூட்டுகள் துருப்பிடிக்குமே என்ற கவலையில், வீட்டுக்கும் போகாமல் வேலைத்தளத்திலேயே தங்கி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

மழை விட்டதும் மாத்தயா வந்தார். கேட் வழியாக அல்ல, ரப்பர் மலையிலிருந்து இறங்கி, கால் சப்பாத்தைப் புல்லில் தேய்த்துத் தேய்த்துக்கொண்டு வந்தார். (ஏன் தேய்க்கிறார் என்றுகூட யோசிக்காமல் கும்பிட்டேன், பாருங்கள்.) பெருமையாகக் கதவைத் திறந்து காட்டினேன். பினாயில் வாசம் இன்னும் இருந்தது. பீங்கானுக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"ஹரி ஷோக் மல்லி! ரொம்ப ஷோக்கா இருக்கு தம்பி. இது யாருக்கு, எனக்கா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். "கீழ லயத்துல புள்ளைங்களுக்கு வயித்தால போகுது. ஒண்ணு ஆஸ்பத்திரியில. தண்ணி எங்க கெட்டுச்சின்னு பாக்கத்தான் ஓடைய புடிச்சி ஏறி வந்தேன்."

"ஆஸ்பத்திரியில யாரு மாத்தயா?"

"ஷாலினின்னு சின்னப் பொண்ணு."

சாவிக்கொத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. எந்நேரமும் துறுதுறுவென்று ஓடும் பிள்ளை கண் குழிவிழுந்து துவண்டு கிடந்தாள்.

"தொறந்து விட்டிருக்கலாமேடா," என்றாள் அக்கா. அவ்வளவுதான். கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, என்னை நானே வாயில் வந்தபடி ஏசினேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். வேலை போனது, அது போகட்டும். இப்போது அவள் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள், வாய் இரத்தினபுரி வரை நீளும். நான் வாசலில் கால் வைத்ததுமே, "அம்மா, மாமா வாராரு! பூட்டெல்லாம் எடுத்து ஒளிச்சி வைங்க!" என்று கத்துவாள். லயமே சிரிக்கும். வேறு வழியில்லாமல் நானும் சிரிப்பேன்.

அக்கா மட்டும் அடுப்படிக்குள் போய், கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீரை மறுபடியும் அடுப்பில் ஏற்றுவாள்.