என் மருமகள் ஸ்டெயின்வோரும் அக்கரை வெந்நீர்த் தொட்டியும்

மகாகனம் பொருந்திய ஆசிரியர் ஃபின்போகி அவர்களுக்கு, ஆட்டுப்பண்ணை ஓக்முண்டூர் எழுதிக்கொள்வது. நானும் என் ஆடுகளும் நலம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் அவ்வாறே இருக்கக் கடவது.

நிற்க. போன வாரம் என் தங்கை மகள் ஸ்டெயின்வோரின் வாழ்க்கை வரலாற்றைப் போட்டு, 'சொந்த முயற்சியால் முன்னேறியவர்' என்று எழுதியிருந்தீர்கள். அபாண்டம்! தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்க, சொந்த முயற்சி எங்கிருந்து வந்தது? சனிக்கிழமை அவள் நிற்கும் பாராளுமன்றத் தேர்தல். நூலிழையில்தான் முடிவு என்கிறார்கள். அதற்குள் திருத்தம் வந்தாக வேண்டும்.

முதலில் அவள் பேச்சுத் திறமை. செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கி, காது வெட்டைப் பார்த்து அவரவர் பட்டியில் பிரிப்போமே, அங்கே சின்னப் பெண்ணாக நின்று, "மாமா, அது நம்ம ஆடு இல்ல, விடுங்க!" என்று ஊரே கேட்கக் கத்தினாள். அன்றைக்கு நான் அந்த ஆட்டை இழுக்காவிட்டால் அவள் எதை எதிர்த்துக் குரல் கொடுத்திருப்பாள்? அந்தக் குரல்தானய்யா அவளை ஊராட்சித் தலைவி ஆக்கியது!

அடுத்து பிரசாரம். நம்மூரில் ஓட்டு வேகிறதே நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில்தான். கழுத்தளவு இறங்கி, "எம் மருமக ஜெயிச்சா மலையைக் குடைஞ்சு சுரங்கப்பாதை, வீட்டுக்கு வீடு ஒரு வாசல்!" என்று அள்ளி விட்டேன். என் மூக்குக்கண்ணாடியோ உடை மாற்றும் அறையில் இருந்தது. ஒரே ஆவி. எதிரே இருந்த அம்மாள், "அப்படியாண்ணே, இன்னும் என்னென்ன செய்வாங்க?" என்று அன்பாகக் கேட்க, ஆளுக்கொரு மீன்பிடிப் படகு வரைக்கும் போய்விட்டேன். ஆவி விலகியதும் பார்த்தால், எதிர் வேட்பாளர் அர்ன்ஃபிரீதூர்!

மறுநாள் கூட்டத்தில் அந்த அம்மாள் எழுந்து, "சுரங்க வாசலை எப்போ திறக்கப் போறீங்க?" என்று கேட்டார். ஸ்டெயின்வோர் அசரவில்லை. "எங்க மாமா முதல்ல அவர் வேலியைச் சரி பண்ணட்டும், மறுநாளே திறந்துடறேன்." மண்டபமே கைதட்டியது. என் வேலி உடைந்திராவிட்டால் அந்தக் கைதட்டல் ஏது?

அன்று மாலையே காபியும் பலகாரமுமாக வந்துவிட்டாள். "மாமா, இந்தத் தொட்டிய யாரு வேணா பாத்துக்குவாங்க. ஆத்துக்கு அக்கரையில ஒரு தொட்டி இருக்கே, அதுக்கு உங்கள மாதிரி ஆளுதான் வேணும். தேர்தல் முடியற வரைக்கும் இக்கரைப் பக்கமே வந்துடாதீங்க." எத்தனை பெரிய பொறுப்பு! தினமும் ஊறி ஊறி விரலெல்லாம் காய்ந்த திராட்சை. இங்கே நான் ஓட்டுக் கேட்காத ஆள் ஒருவர் பாக்கியில்லை. "போட்டுடறோம்ணே, கண்டிப்பா போட்டுடறோம்" என்று சிரித்த முகமாகச் சத்தியம் செய்கிறார்கள்.

ஆகவே 'தாய்மாமன் முயற்சியால் முன்னேறியவர்' என்று கொட்டை எழுத்தில் போடவும். தங்கள் வீட்டில் மீன் நன்றாகக் காயட்டும், கூரை காற்றில் பறக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓக்முண்டூர்

பின்குறிப்பு: குளத்துக் காவல்காரம்மாவிடம் தபால்தலை கேட்டேன். "யாருக்குண்ணே கடுதாசி?" என்று வாங்கிப் படித்தவர், "அண்ணே, ஆத்துக்கு இந்தப் பக்கம் வேற தொகுதியாச்சே! நாங்க நெனச்சாலும் அவங்களுக்கு ஓட்டுப் போட முடியாதே!" என்றார். தொட்டியே குலுங்கிச் சிரித்தது. ஆக, அவள் என்னை... ஃபின்போகி, இப்படியொரு மூளை என் பக்கத்திலிருந்து வராமல் வேறெங்கிருந்து வரும்? எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள். ஆனால் சனிக்கிழமை கழிந்த பிறகு.