டெலேனி எழுதாத கடிதங்கள்

"கோச்சுக்குக் கடிதம் எழுதிட்டியா?"

"நாளைக்கு எழுதுறேன்ப்பா."

வெண்டெல் ப்ரொஹாஸ்கா இந்தக் கேள்வியைக் கேட்பது அது பதினோராவது நாள். பதிலும் பதினொரு நாளாக மாறவில்லை. மகள் டெலேனி கால்பந்துக் காலுறையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் படுத்து, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெலேனிக்குப் பதினேழு வயது. அணியில் இடதுபக்கத் தடுப்பாட்டம் அவளுடையது. அவளோடு ஆடும் மூன்று பெண்களுக்கு ஏற்கெனவே கல்லூரிகள் உதவித்தொகை தருவதாகச் சொல்லிவிட்டன. மூவரும் கல்லூரித் தொப்பியை மாட்டிக்கொண்டு, கேக் வெட்டி, படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டியாகிவிட்டது. மூன்று விழாவுக்கும் வெண்டெல் போனார். மூன்று கேக்கும் தொண்டையோடு நின்றுவிட்டன.

உதவித்தொகை இல்லாமல் மகளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்ப அவருக்கு வழியில்லை. "கிடைக்கலேன்னா விடுப்பா. நானும் உன்கூட எடைமேடைக்கே வந்துடுறேன்" என்று அவள் சாதாரணமாகச் சொன்னதிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. நெப்ராஸ்காவில் ஒரு தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுவது வெண்டெலின் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே கண்ணாடி அறை, அதே நாற்காலி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தொண்ணூறு நிமிடமும் ஓடிக்கொண்டே இருக்கும் பெண்ணுக்கு அந்த நாற்காலி வேண்டாம் என்பது அவர் கட்சி.

பக்கத்து மாநிலமான அயோவாவில் ஹார்ல்ஸ்டன் கல்லூரி இருந்தது. அங்கே தடுப்பாட்டத்துக்கு ஓர் இடம் காலி. ஆனால் அதன் வலைத்தளத்தில் கோச் ரென்ஷா என்ற பெண்மணி கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்: "ஆட்டக்காரர் தானே எழுதும் கடிதங்களை மட்டும்தான் படிப்போம். பெற்றோர் எழுதினால் குப்பைத்தொட்டி. யார் எழுதியது என்று கண்டுபிடிக்க எங்களுக்குத் தெரியும்."

"நீ தலையிடாதே வெண்டெல். அவளே எழுதட்டும்" என்றாள் மனைவி லோர்னா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்தாறு பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வையிலேயே அடக்குவாள். அந்தப் பார்வையைத்தான் இப்போதும் பார்த்தாள்.

வெண்டெல் தலையிடவில்லை. மறுநாள் எடைமேடையில் உட்கார்ந்து, டெலேனியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியை மட்டும் தொடங்கினார். தொடங்கிய முகவரியைச் சும்மா வைத்திருப்பானேன் என்று ஒரு கடிதமும் எழுதினார். பதினேழு வயதுப் பெண் எழுதியது போல இருக்க வேண்டுமே என்று பதினான்கு ஆச்சரியக்குறிகள் போட்டார். ஆட்டத்தின் வீடியோவையும் சேர்த்து அனுப்பினார்.

மறுநாள் காலை ஐந்து பத்துக்கே பதில் வந்துவிட்டது.

"அன்புள்ள டெலேனி, வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். பந்து பறிபோனதும் கையை விரித்து நிற்காமல் திரும்பி ஓடுகிறாய். அது போதும். ஆச்சரியக்குறியைக் கொஞ்சம் குறைத்துக்கொள். கால்பந்து தவிர வேறு என்ன செய்வாய்? — கோச் ரென்ஷா."

கால்பந்து தவிர டெலேனி செய்வது தூக்கம் ஒன்றுதான். அதை எழுத முடியாது. வெண்டெல் தமக்குத் தெரிந்ததை எழுதினார்: "கொல்லையில் தக்காளி போட்டிருக்கிறேன். ஆனால் காய் அடிப்பக்கம் கறுத்துப்போகிறது."

அடுத்த பதில் இரண்டு பக்கம் வந்தது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடு, தண்ணீரை ஒருநாள் வெள்ளமாகவும் ஒருநாள் வறட்சியாகவும் விடாதே, வேர்ப்பக்கம் வைக்கோல் பரப்பு. கால்பந்து பற்றி இரண்டே வரிதான் இருந்தது.

வெண்டெல் முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டார். காய் கறுப்பது நின்றது. இவ்வளவு விஷயம் தெரிந்த கோச்சிடம் மகள் படித்தால் உருப்படுவாள் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது.

அதன்பின் கடிதங்கள் தினசரி ஆயின. மண்வெட்டிப் பிடிக்கு எந்த மரம், பனிக்காலத்தில் லாரி பாட்டரியை எப்படிக் காப்பது, முயல் வராமலிருக்க என்ன செய்வது. வரிசையில் நின்ற லாரிகள் ஹார்ன் அடித்தன.

"வெண்டெல்! எடை போடுறியா, இல்ல காதல் கடிதம் எழுதுறியா?" என்று கத்தினார் டிரைவர் ஒருவர்.

"பொண்ணோட படிப்பு விஷயம்ப்பா!"

ஆகஸ்டில் ஒருநாள், நான்கு லாரி காத்திருந்த அவசரத்தில், வெண்டெல் மறந்துபோய் இப்படி எழுதி அனுப்பிவிட்டார்: "காலையிலிருந்து முழங்கால் குடைகிறது. சாயங்காலம் மழை நிச்சயம்."

அனுப்பிய பிறகுதான் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். முழங்கால் வலிக்காரிக்கு எந்தக் கல்லூரி உதவித்தொகை தரும்? அவசர அவசரமாக இன்னொன்று தட்டினார்: "மன்னிக்கவும், அது என் அப்பாவின் முழங்கால்."

"பாவம் உன் அப்பா" என்று பதில் வந்தது. "எனக்கும் இடது முழங்கால்தான். படுக்கும்போது காலுக்கடியில் ஒரு தலையணை வைக்கச் சொல்."

வைத்தார். ஒரு வாரத்தில் வலி பாதி குறைந்தது. முப்பத்தாறு வயதுக் கோச்சுக்கு இந்த வயதிலேயே மூட்டுவலியா என்று அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

செப்டம்பரில் கோச் ரென்ஷா ஓர் ஆட்டத்தைப் பார்க்க நேரில் வந்தார். கல்லூரிச் சின்னம் போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். மழை கொட்டியது. டெலேனியின் அணி இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றுக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியும்வரை பெற்றோரிடம் கோச்சுகள் பேசக் கூடாது என்பது விதி. அது வெண்டெலுக்குத் தெரியும். இருந்தாலும் நான்கு மாத சிநேகம் கேட்கவில்லை. காப்பி வாங்கப் போகிறவர் போலப் பக்கத்தில் போனார்.

"இந்த மழை தக்காளிக்கு ரொம்ப நல்லதுங்க" என்றார், ஒரு மாதிரி கண்ணைச் சிமிட்டி.

கோச் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குச் செடிகொடி பத்தியெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

என்ன நேர்மை! விதியை இப்படிக் காப்பாற்றுகிற மனுஷியை அவர் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துச் சிலிர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. "அக்டோபர் முதல் சனிக்கிழமை அப்பா அம்மாவோடு கல்லூரிக்கு வா. நேரில் பேசி முடிவு செய்யலாம். நீ போட்டதாகச் சொன்ன சல்சாவில், அந்தத் தக்காளிச் சட்னியில், ஒரு பாட்டில் கொண்டு வா. பின்குறிப்பு: இந்த வாரம் உறைபனி இருக்கிறது. பழுக்காத காய்களையெல்லாம் பறித்து, செய்தித்தாளில் சுற்றி நிலவறையில் வை. பழுத்ததா என்று எழுது."

வெண்டெல் காய்களைப் பறித்துச் சுற்றி வைத்தார். அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தார். கோச் டெலேனியிடம் தக்காளி பற்றிக் கேட்டால்? டெலேனிக்கு முயல் வேலியும் தெரியாது, முட்டை ஓடும் தெரியாது.

ஒரே வழிதான் தோன்றியது. நூற்று நான்கு கடிதங்களையும் அச்சடித்து, முக்கியமான இடங்களில் மஞ்சள் கோடு போட்டு, கட்டாகக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தார்.

"இதைச் சனிக்கிழமைக்கு முந்தி மனப்பாடம் பண்ணிடு கண்ணு."

டெலேனி முதல் பக்கத்தைப் படித்தாள். பத்தாவது பக்கத்தைப் படித்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"யாருப்பா இந்தப் பொண்ணு?"

"நீதான்."

"எனக்கு முயல் தொல்லையா?"

"கொஞ்ச நாளா."

"'இப்போதெல்லாம் யாரும் ஒழுங்கான மண்வெட்டி செய்வதில்லை.' இதை நான் எழுதினேனா? அம்மா! இங்க வாங்க! அப்பா என்னை அறுபது வயசுக் கிழவியா ஆக்கிட்டாரு!"

லோர்னா வந்து படித்தாள். ஐம்பத்தாறு பிள்ளைகளை அடக்கும் பார்வை வரும் என்று வெண்டெல் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அவள் முழங்கால் பக்கத்துக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

டெலேனி சிரிக்கவில்லை. "நான் ஏன் எழுதலேன்னு ஒரு தடவையாவது கேட்டியாப்பா?"

"நீ சோம்பேறின்னு நினைச்சேன்."

"சோம்பேறியா? நான் எழுதி, அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா? எழுதாத வரைக்கும் யாரும் என்னை வேண்டாம்னு சொல்ல முடியாதுல்ல?" அவள் குரல் உடைந்தது. "இப்ப அவங்களுக்குப் பிடிச்சது உன்னை. என்னை இல்ல."

வெண்டெலுக்கு அழுகை வந்தது. எத்தனையோ டன் தானியத்தை எடை போட்டவருக்கு மகளின் பயம் எவ்வளவு கனம் என்று அன்றுவரை தெரியாமல் இருந்திருக்கிறது.

"வேண்டாம்னா போக வேண்டாம் கண்ணு" என்றார்.

அவள் கடிதக் கட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "போவோம். ஆனா உண்மையைச் சொல்லிடுவேன். நீ இனிமே ஒரு வரி எழுதக் கூடாது."

அதன்பின் வெண்டெல் அந்த முகவரியைத் திறக்கவே இல்லை. நான்கு மணி நேரக் கார்ப் பயணத்தில் சல்சா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தார்.

கோச் ரென்ஷாவின் அறை சிறியது. அங்கே சுண்ணாம்புக் கறை படிந்த கால்சட்டையோடு ஒரு பெரியவர் எல்லோருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இவர் எங்கப்பா, ஆர்லோ" என்றார் கோச். "ரிட்டயர் ஆகிட்டாரு. சும்மா இருக்க முடியலன்னு மைதானத்துக்குக் கோடு போட வந்துடுவாரு."

எல்லோரும் உட்காரும் முன்பே டெலேனி ஆரம்பித்துவிட்டாள். "கோச், உட்கார்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். உங்களுக்கு வந்த லெட்டர் ஒண்ணுகூட நான் எழுதல. எல்லாம் எங்கப்பா எழுதினது. எனக்குத் தக்காளி பத்தி எதுவும் தெரியாது."

பெரியவர் தம் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். கோச்சின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு போனது. வெண்டெல் அதைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

"தப்பு என்னோடதுங்க" என்று முன்னால் வந்தார். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க கொட்டை எழுத்துல போட்டிருந்தும்..."

"லெட்டரை யார் எழுதினாங்கங்கிறதை..." கோச் தொண்டையைச் செருமினார். பெரியவரை ஒரு பார்வை பார்த்தார். "அதை இந்த ரூம்ல பேச வேண்டாம். அதைத் தோண்டுறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல."

பிறகு டெலேனியின் பக்கம் திரும்பினார். "இங்க பாரு. நான் லெட்டரைப் பார்த்து ஆள் எடுக்கிறதில்ல. அன்னைக்கு மழையில ரெண்டு கோல் பின்னால இருந்தீங்க. எண்பத்தெட்டாவது நிமிஷம். மத்தவங்கள்லாம் நடந்துகிட்டு இருந்தாங்க. நீ மட்டும் திரும்பி ஓடினே. இப்ப என் முகத்துக்கு நேரா உண்மையைச் சொன்னே. எனக்கு இது ரெண்டும் போதும். நாலு வருஷம், கட்டணத்துல முக்கால் பங்கு காலேஜ் பார்த்துக்கும். வர்றியா?"

டெலேனி அப்பாவைப் பார்த்தாள். வெண்டெல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். இந்தப் பதிலையாவது அவளே சொல்லட்டும்.

"வர்றேன் கோச்."

லோர்னா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான்காவது கேக் தொண்டையில் நன்றாக இறங்கும் என்று வெண்டெலுக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் கையிலிருந்த பாட்டிலைக் கோச்சிடம் நீட்டினார்.

"நீங்க கேட்ட சல்சா."

"நான் கேட்டேனா? ஐயய்யோ, எனக்குத் தக்காளியே ஆகாதுங்க. சாப்பிட்டா உடம்பெல்லாம் தடிச்சுடும்" என்றார் கோச். "அப்பாகிட்ட குடுங்க."

பெண்கள் மூவரும் மைதானத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். வெண்டெல் பாட்டிலை வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் விழித்தார். பெரியவர் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்து, பாட்டிலை வாங்கித் திறந்து, ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிரமாதம் வெண்டெல். அது சரி, பேப்பர்ல சுத்தி வச்ச காயெல்லாம் பழுத்துதா இல்லையா? நீங்க அதுக்குப் பதிலே போடலியே!"