சிறப்புரை: அமரர் கொள்ளிடத்தான்

ஃபிளெக்ஸின் கடைசி மூலையை மின்கம்பத்தோடு இழுத்துக் கட்டிவிட்டு ஞானமேரி ஸ்டூலிலிருந்து இறங்கிய நேரத்தில்தான், கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த தேவநாதன், அந்தப் படத்தில் இருப்பவர் செத்துப்போன சேதியைச் சொன்னார்.

"போன மாசமே தவறிட்டாராம்மா. இப்பதான் அவரோட அக்கா மவன் போன் பண்ணான். கருமாதியெல்லாம் முடிஞ்சிடுச்சாம்."

தேவநாதன் வெள்ளாற்றுமேடு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத் தலைவர். தினத்தாள்களை முதல் ஆளாகப் பிரிக்கிற உரிமைக்காகவே அந்தப் பதவியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர். அழைப்பிதழில் 'தொடர்புக்கு' என்று அவருடைய எண்ணைத்தான் போட்டிருந்தார்கள். ஆகவே சேதி வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருந்தது.

"சார், நேத்து சாயந்திரம் அவரு எங்கிட்ட பேசுனாரே" என்றாள் ஞானமேரி.

தேவநாதன் அவளை ஒரு முறை பார்த்தார். ஃபிளெக்ஸை ஒரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்கிட்ட சொன்னதோட இருக்கட்டும்மா. ஒனக்கு முன்னாடி இருந்த இளவரசி மேடத்துக்கு என்னா ஆச்சுன்னு தெரியுமில்ல?"

தெரியும். பூட்டிய நூலகத்துக்குள் யாரோ பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்கிறது என்று இளவரசி மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். சத்தத்தை யாரும் விசாரிக்கவில்லை. இளவரசியை மங்கலம்பேட்டைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

ஞானமேரிக்கு வீடு கடலூர் முதுநகரில். காலையில் பஸ் பிடித்து, இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, கடைசியில் ஷேர் ஆட்டோவில் ஓரமாகத் தொங்கிக்கொண்டு வந்து இந்த நூலகத்தைத் திறக்கிறாள். கடலூருக்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தது மாவட்ட அலுவலர் ஸ்ரீமதி மேடத்தின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எழுத்தாளர் சந்திப்புக்குத் தலைமை தாங்க வருவதும் அதே மேடம்தான். கூட்டம் நன்றாக நடந்தால் கடலூர். செத்தவர் போனில் பேசினார் என்று வாயைத் திறந்தால் இளவரசிக்குப் பக்கத்து நாற்காலி.

சிறப்புரைக்கு எழுத்தாளர் கொள்ளிடத்தானை அவள் பிடித்ததே வேறு வழியில்லாமல்தான். பெரிய எழுத்தாளர்கள் கார் கேட்டார்கள். நடுத்தரமானவர்கள் ஏ.சி. ரூம் கேட்டார்கள். ஒரு காலத்தில் பேய்க்கதைகளாக எழுதிக் குவித்துவிட்டு இப்போது பேர் மறந்துபோன கொள்ளிடத்தான் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எத்தனை பேர் வருவார்கள்? வாசகர் வட்டத்தில் ஒரு பத்துப் பேர், மழை இல்லையென்றால் இன்னும் இரண்டு பேர் என்று, பொய் சொல்லத் தெரியாத ஞானமேரி உள்ளதைச் சொன்னாள். பத்துப் பேரா என்று திருப்பிக் கேட்டார். பிறகு, "சரி, பாத்துக்கலாம். வரேன்" என்றார்.

இப்போது அந்த 'வரேன்'தான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

நூலகத்துக்குள் போனாள். ஃபேனைப் போட்டாள். லைட்டையும் போட்டாள். பட்டப்பகலில் எதற்கு லைட்டு என்று வாசகர் யாரும் கேட்கவில்லை. கேட்க யாரும் இல்லை. போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினாள். எடுக்கக்கூடாது மாதாவே என்று வேண்டிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்.

ஒருவரிடம் போய், நீங்கள் செத்துவிட்டீர்களா என்று எப்படிக் கேட்பது? ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அவள் சுற்றி வளைத்து, ஐயாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்தாள்.

"ஒடம்பா? ஒடம்பப் பத்தி இப்பல்லாம் கவலப்படுறதே இல்லம்மா."

வருவதற்குச் சிரமமாக இருந்தால் வேண்டாம், கூட்டத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று எப்படியோ சொல்லி முடித்தாள்.

"நீ கூப்புட்ட, நான் வரேன்னேன். என்னா ஆனாலும் வருவேன். மால மட்டும் எங்கழுத்துல போடாதீங்க, படத்துக்குப் போட்டா போதும்."

போனை வைத்தவள், நூலகத்தைப் பூட்டிக்கொண்டு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்று புத்தகம் எடுக்க வந்தவர்களுக்கு அங்கிருந்தபடியே சாவியைக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டில் கணவன் ஆன்டோவிடம் சொல்லி அழுதாள். புயல் எச்சரிக்கை இருந்தாலும் படகைத் தள்ளிக்கொண்டு போகிற ஆள் அவன். நீங்கள் ஒரு தடவை அந்த நம்பருக்குப் பேசிப் பாருங்கள் என்று போனை நீட்டியதும், கை ஈரமாக இருக்கிறது என்றான்.

"ஒன்னத்தானே மேரி அவருக்குத் தெரியும். நான் நடுவுல பூந்து பேசுனா நல்லாருக்காது."

நடுவில் யாரும் புக மாட்டார்கள் என்று தெரிந்ததும், கூட்டத்தையே ரத்து செய்துவிடுவது என்று முடிவெடுத்தாள். மறுநாள் காலை ஸ்ரீமதி மேடத்துக்குப் போன் போட்டாள். இவள் வாயைத் திறப்பதற்குள் மேடமே ஆரம்பித்தார். தேவநாதன் சொன்னாராம். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறதாம். மாவட்ட நூலகர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாராம். ஞானமேரி குழுவைத் திறந்து பார்த்தாள். திரை முழுக்கக் கும்பிட்ட கைகளும் ஆழ்ந்த இரங்கல்களும். ரத்து செய்வதா, அதெல்லாம் கூடாது, அதே நாளில் அதே இடத்தில் நினைவேந்தலாக நடத்திவிடுங்கள் என்றார் மேடம்.

"கூட்டம் மட்டும் நெறையா இருக்கணும் ஞானமேரி. காலி சேர் முன்னாடி நான் பேச மாட்டேன். இத நல்லா பண்ணுங்க, ஒங்க ஃபைல அன்னிக்கே பாத்துடுறேன்."

செத்தவருக்கு அஞ்சலி, அவ்வளவுதானே என்று ஞானமேரிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. செத்துவிட்டோம் என்று அவருக்கே ஒரு வார்த்தை தெரிவித்தது மாதிரியும் ஆகும். புவனகிரி ஃபிளெக்ஸ் கடைக்காரன் ஜெயப்பிரகாஷைக் கூப்பிட்டு, புதிதாக அடிக்கக் காசில்லை, இருப்பதிலேயே ஸ்டிக்கர் ஒட்டி மாற்றிக் கொடு என்றாள். அவனும் உடனே வந்து ஒட்டிவிட்டுப் போனான். எழுத்தாளர் என்ற இடத்தில் அமரர் என்று ஒட்டினான். மற்றதை யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனும் தொடவில்லை.

மூன்று நாளாக ஊர் அந்த ஃபிளெக்ஸைப் படித்தது. 'அமரர் கொள்ளிடத்தான் நேரில் வருகை தந்து சிறப்புரை ஆற்றுகிறார். வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிப்பார். அனைவரும் வருக.'

ஞாயிற்றுக்கிழமை காலை ஞானமேரி பாட்டிலில் கொண்டுவந்த மந்திரித்த தண்ணீரை மேடையில் தெளித்துவிட்டு நிமிர்ந்தபோது, ரோடு தெரியவில்லை. ஜனம் தெரிந்தது. கிள்ளையிலிருந்து ஒரு வேன் வந்திருந்தது. நூலகம் எங்கே இருக்கிறது என்று அதுவரை தெரியாத உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நூலகத்துக்குள் கொள்ளாது என்று வாசலில் அவசரமாகப் பந்தல் போட்டார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், அவர் எந்தப் பக்கமாக வருவார் என்று கேட்டு, அந்தப் பக்கம் உட்காராமல் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

ஸ்ரீமதி மேடம் காரை விட்டு இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்து மலர்ந்தார். பிறகு ஃபிளெக்ஸைப் பார்த்தார். ஞானமேரிக்கு மங்கலம்பேட்டை பஸ் நிலையம் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஓ, அவரு பேசுன பழைய ரெக்கார்டிங்கப் போடப் போறீங்களா? நல்ல ஐடியா. கடைசியா அதப் போடுங்க, நானும் இருந்து கேக்குறேன்" என்றார் மேடம்.

ஆமாம் என்று ஞானமேரியின் தலை தானாக ஆடியது. ரெக்கார்டிங் என்று ஒன்று இந்த உலகத்திலேயே இல்லை.

கூட்டம் ஆரம்பித்தது. படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றினார்கள். கறுகறுவென்று மீசையும் சுருட்டை முடியுமாக, அந்தக் காலத்துப் பின்னட்டைப் படம். தேவநாதன், தானும் கொள்ளிடத்தானும் ஒரே டம்ளரில் டீ குடித்தவர்கள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைப் பார்த்ததே இல்லை என்று ஐந்து நாளைக்கு முன்னால் சொன்னவரும் அவர்தான். ஊராட்சித் தலைவர், அவர் நாவல்களைப் படித்துத்தான் அரசியலுக்கு வந்ததாகச் சொன்னார். ஒவ்வொருவர் பேசி முடிக்கும்போதும் ஞானமேரி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கடைசியில் மேடமும் பேசி முடித்து, இப்போது அமரரின் குரலைக் கேட்போம் என்று இவளைப் பார்த்தார். மொத்தக் கூட்டமும் இவளைப் பார்த்தது.

அந்த நேரத்தில் அவள் கையிலிருந்த போன் அடித்தது. அவருடைய எண்.

"நான் வந்துட்டேன்மா" என்றது குரல். "இங்கதான் இருக்கேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். போன மைக்குகிட்ட வச்சிப் புடி, ரெண்டு வார்த்த பேசிடுறேன்."

சுற்றிலும் பார்த்தாள். மீசையும் சுருட்டை முடியுமாக எங்கும் யாரும் இல்லை. ஓடிவிடலாம் என்றால் வழியெல்லாம் ஜனம். செத்தவர் சொல்வதை மறுத்தால் என்ன ஆகும் என்று அவருடைய நாவல்களிலேயே விவரமாக எழுதியிருந்தார். ஞானமேரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் கொள்ளிடத்தான் பேசுறேன்."

பந்தலில் வீறிட்டுக்கொண்டிருந்த கைக்குழந்தை அழுகையை நிறுத்தியது.

"உசுரோட இருந்தப்ப எம்பேச்சக் கேக்க இவ்ளோ பேரு வந்ததே இல்ல. சில ஊருல நானும் மைக் செட்டுக்காரனும் மட்டும்தான் இருப்போம். அவனும் ஒயரச் சுத்திக்கிட்டே இருப்பான். அப்பல்லாம் எழுதுனது வீணோன்னு தோணும். இன்னிக்கு அப்படித் தோணல. ஒங்களையெல்லாம் கும்புட்டுக்கிறேன்."

முதலில் பயந்த ஜனம், பிறகு அழுதது. ஆண்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். தேவநாதன் இந்த முறை நிஜமாகவே அழுதார். ஞானமேரியும் அழுதாள். பயத்தில் பாதி, அந்த மைக் செட்டுக்காரனை நினைத்துப் பாதி.

கூட்டம் முடிந்ததும் நூலகத்திலிருந்த கொள்ளிடத்தான் புத்தகம் ஒன்று விடாமல் இரவல் போனது. கிடைக்காதவர்கள் பேர் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். ஸ்ரீமதி மேடம் அவள் தோளைத் தட்டி, நேரில் பேசுவது மாதிரி அவ்வளவு துல்லியமாக எப்போது பதிவு செய்தீர்கள் என்று வியந்து, கடலூர் ஆர்டர் நாளைக்கே வரும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

படத்தை எடுத்து வைக்க ஞானமேரி தனியாக உள்ளே போனாள். அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

படம் கையை விட்டு நழுவியது. இளவரசி பொய் சொல்லவில்லை என்று புரிந்தது. ஜெபம் ஒன்றும் முழுதாக நினைவுக்கு வராமல் பாதிப் பாதியாக நாலைந்தைச் சொன்னாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து வழுக்கைத் தலையும் வெள்ளை வேட்டியுமாக ஒரு முதியவர், ஒரு கையில் வாரப் பத்திரிகையும் மறு கையில் போனுமாக வெளியே வந்தார்.

"பயப்படாதம்மா. தொட்டுப் பாரு" என்று கையை நீட்டினார்.

தொட்டாள். கை சுட்டது. நரம்பு துடித்தது. உயிரோடு இருக்கிற கைதான். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தாள். அக்கா மகன் என்று சொல்லிக்கொண்டு எவனோ பாவி போன் செய்து ஏமாற்றிவிட்டான் என்றும், உயிரோடு இருக்கிறவருக்கு இப்படி விளக்கேற்ற வைத்துவிட்டானே, அவன் விளங்குவானா என்றும் புலம்பினாள். இது மேடத்துக்குத் தெரிந்தால் கடலூர் போய்விடும், ஐயாதான் காப்பாற்ற வேண்டும் என்று கும்பிட்டாள்.

பெரியவர் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"விடும்மா. எவனோ வேண்டாதவன் செஞ்ச வேல. ஒனக்காக நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

இப்படி ஒரு பெருந்தன்மையா என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை நாள் பயம், இவ்வளவு நல்ல மனிதரையா பேய் என்று நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. வழித்துணையாக வாசல் வரை கூடவே வந்தாள். அங்கே அவரைக் கூட்டிவந்த ஆட்டோக்காரர் கொளஞ்சி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கெளம்பலாங்களா ஐயா? வர்ற ஞாயித்துக்கெழம சீர்காழியில பேசுறீங்க, நீங்க செத்துப்போன சேதிய அவுங்களுக்கு நான் இன்னும் போன் பண்ணிச் சொல்லவே இல்ல" என்றார் கொளஞ்சி.