மகளின் நட்சத்திரத்தை ஒட்டுக் கேட்ட மனிதர்

எனக்குச் சந்தேகப்படக் காரணம் தேவையில்லை. தொலைபேசியில் யாராவது மரியாதையாகப் பேசினாலே கள்ளன் என்று முடிவு கட்டிவிடுவேன். (ரொறன்ரோவில் கொஞ்சக் காலம் இருந்தால் நீங்களும் அப்படித்தான் ஆவீர்கள்.) ஆனால் அந்தக் குணம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மகளின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

ஒஸ்லோவிலிருந்து மனைவியின் தங்கை வந்திருந்தாள். மச்சாளுக்குக் கோயில்களைக் காட்டுவோம் என்று நான், மனைவி வசந்தி, மகள் ஆரணி எல்லோரும் விட்பியிலிருந்து வான் வண்டியில் புறப்பட்டோம். வசந்தி எனக்குப் புதுச் சட்டை எடுத்து வைத்திருந்தாள். அதுவே கொஞ்சம் இடித்தது.

"மத்தியானம் ஜப்பான் கடையிலை சாப்பிடுவம்" என்றாள் ஆரணி.

"விரத நாளிலை மீன் கடையோ?"

"அங்கை வெஜிற்றேரியனும் இருக்கு அப்பா."

வெளியே போனால் தோசையைத் தாண்டாத வசந்தி, மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். என்னவோ நடக்கிறது!

ஸ்காபரோக் கோயிலில் உள்வீதியைச் சுற்றிக் கும்பிடும்போது, சாம்பல் ஜாக்கெட் போட்ட ஒருவர் எங்களையே பார்த்தார். பக்கத்தில் அவர் மனைவியும் வாட்டசாட்டமான ஒரு மகனும். போகட்டும் என்று விட்டேன். ரிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனால் அங்கேயும் அதே மூவர்! அர்ச்சனை வரிசையில் சரியாக எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். வசந்திக்கு என்ன பிடித்ததோ, "ஆரணி, சுவாதி நட்சத்திரம், துலா ராசி!" என்று வாகனத் தரிப்பிடம் வரைக்கும் கேட்கக் கத்தினாள். திரும்பிப் பார்த்தால், சாம்பல் ஜாக்கெட் அதைக் கைபேசியில் தட்டிக்கொண்டிருந்தார். என் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லே மகளின் பெயரும் நட்சத்திரமும்தான்.

"அந்த மனிசன் எங்களைத்தான் பின்தொடருறான்" என்றேன் வண்டியில்.

"உங்களுக்கு விசர். கோயிலெண்டா நாலு சனம் வரும்தானே" என்றாள் வசந்தி. மச்சாள் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினாள். அது இருமல் இல்லை என்று இப்போது தெரியும்.

மார்க்கம் ஜப்பான் கடையில் முதலில் சூப் வந்தது. மீன் போடவில்லை என்று பரிமாறும் பெண் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியும் நான் கிண்ணத்தில் மூக்கை வைத்து மணந்துகொண்டிருந்தேன். அப்போது கதவு திறந்தது. அதே மூவர்! நேரே வந்து அடுத்த மேசையில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்தபடியே அவித்த சோயா அவரையைத் தோலோடு மென்று விழுங்கினேன். அவர்களின் பெடியன் ஆரணியைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். (பாவம், பிள்ளைக்கு உலகம் தெரியாது.)

இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சாப்பாட்டுக் குச்சிகளைக் கையில் பிடித்தபடியே எழுந்து போனேன்.

"அண்ணை, காலமையிலையிருந்து பாக்கிறன். என்ர மகளின்ர நட்சத்திரம் உங்களுக்கு என்னத்துக்கு?"

கடையே திரும்பிப் பார்த்தது. "அப்பா, ப்ளீஸ், ஸ்டொப்!" என்றாள் ஆரணி.

அவர் மெதுவாக எழும்பினார். "பொருத்தம் பாக்கத்தான், அண்ணை."

"என்ன பொருத்தம்?"

"கல்யாணப் பொருத்தம். உவன் என்ர மகன் நிரோஷன். ரெண்டும் கனகாலமாப் பழகுதுகள். கோயிலிலை தற்செயலாக் கண்ட மாதிரிப் பாப்பம் எண்டு உங்கட மனிசி வசந்திதான் சொன்னவ."

வசந்தியைப் பார்த்தேன். "முதலே சொன்னா, கேள்வி கேட்டே ஆக்களைக் கலைச்சிருப்பியள்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. ஆரணி முகத்தைப் பொத்தி அழுதாள். என் பிள்ளையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனே என்று குச்சிகளை மேசையில் வைத்தேன்.

பெடியனின் தாய் கேட்டார். "எங்களைக் கள்ளர் எண்டோ நினைச்சனீங்கள்?"

"ஓம்" என்றேன். (பொய் சொல்லவாவது தெரிந்திருக்க வேண்டும்.)

அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்து, "அந்த ஜாக்கெட்டைப் போடாதேங்கோ எண்டு சொன்னனானெல்லோ!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நிரோஷன் மேசையை எங்கள் மேசையோடு இழுத்துச் சேர்த்தான். சாம்பல் ஜாக்கெட் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் சூப்பை மணந்து பார்த்துவிட்டு, இரகசியமாகக் கேட்டார். "அண்ணை, உதுக்குள்ளை மீன் இல்லைத்தானே?"

அந்தக் கணமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிட்டேன். பிரயோசனமில்லை; கேலி நின்றபாடில்லை. கல்யாணத்தன்று மணவறையில் ஐயர் பெண்ணின் நட்சத்திரத்தைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் சம்பந்தி என் காதருகே குனிந்தார்.

"மெதுவாச் சொல்லுங்கோ அண்ணை. பின்னுக்குக் கனபேர் இருக்கினம்."