ஐக்கார்னியா என்பவருக்கு நோட்டீஸ்

கறிவேப்பிலைக்குக்கூட மரியாதை கொடுத்த மனுஷி இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, பஸ் போய்த் திரும்புகிற ஒரு சின்ன ஊரில், வாய்க்கால்களையும் மதகுகளையும் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தார். அந்த ஆபீஸின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார்கள்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் லத்தீன் மேடம். தாவரவியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, பரீட்சை எழுதி, டைப்பிஸ்ட் வேலைக்கு வந்தவர். எந்தச் செடியையும் அதன் விஞ்ஞானப் பெயரால்தான் கூப்பிடுவார். நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். பக்கத்து மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சொலானம் மெலோஞ்சினாவா?"

"இல்லைங்க மேடம், கத்திரிக்கா."

"அதத்தாங்க நானும் கேட்டேன்."

கெட்டுப்போய்விட்டதோ என்று நான் பாக்ஸை மோந்து பார்த்தது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

எதிர்ப்புற டீக்கடைக்காரருக்கு இந்த வியாதி முதலில் தொற்றியது. "மேடத்துக்கு ஒரு கமீலியா! சாருக்கு அராபிகா, சக்கரை கம்மியா!" என்று அவர் டீக்கும் காபிக்கும் லத்தீனில் உள்ளே பார்த்துக் கத்துவார். வெளியூர்க்காரர்கள் அவருக்கு இரண்டு பெண்கள் இருப்பதாகவும், இரண்டும் சொன்ன பேச்சு கேட்காது என்றும் நினைத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்குச் சாமான் லிஸ்ட் டைப் செய்யும் வேலையைத் தெரியாத்தனமாக அவரிடம் கொடுத்துவிட்டோம். லஸ்கர் மாரிமுத்து அதை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். லஸ்கர் என்றால் மதகைத் திறந்து மூடுகிறவர். மளிகைக்கடைக்காரர் லிஸ்ட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்குக் கையைக் காட்டினார். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"இதுல ஒண்ணுகூட ஸ்டாக் இல்லண்ணே. யாருக்கு உடம்பு சரியில்ல?"

"ஆபீஸுக்குங்க," என்றார் மாரிமுத்து.

அந்த வருஷம் பூசணிக்காய் இல்லாமல் பூஜை நடந்தது.

செடிகளுக்கு மட்டுமல்ல, மனிதர்களுக்கும் அவரிடம் முழுப்பெயர்தான். ஊரே "ஏய் லஸ்கர்" என்று கூப்பிட்ட மாரிமுத்துவை அவர் "கோ. மாரிமுத்து அவர்களே, கொஞ்சம் வாங்க" என்பார். முதல் தடவை மாரிமுத்து திரும்பிப் பார்த்தார், பின்னால் யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று. அப்படிப்பட்டவருக்கு நாங்கள் பட்டப்பெயர் வைத்தது நியாயமில்லைதான். என்ன செய்வது, அவருடைய உண்மைப் பெயரைச் சொன்னால் ஆபீஸில் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது.

அவருக்கு மிகவும் வேண்டிய செடி ஆகாயத்தாமரை. வேண்டிய என்றால், தீராப்பகை. நீல ஊதாப் பூப்பூத்து, வாய்க்காலைக் கரையோடு கரையாக மூடிக்கொள்ளுமே, அதுதான். விஞ்ஞானப் பெயர் ஐக்கார்னியா கிராசிபஸ். அந்தப் பெயர் வந்த வருஷத்தைச் சொல்லாமல் விடவே மாட்டார்.

"எண்பத்துமூணுல வச்ச பேரு சார்."

எங்கள் ஏ.இ. சார், அதாவது உதவிப் பொறியாளர், கிரிக்கெட் பைத்தியம். எண்பத்துமூன்று என்றாலே அவருக்குக் கண் கலங்கிவிடும். "எண்பத்துமூணா! நான் பள்ளிக்கூடம் மேடம். ரேடியோவக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன். நம்ம ஆளுங்க கப்ப வாங்கினப்ப எங்கப்பாவே அழுதாரு!"

"அதுக்கு நூறு வருஷம் முன்னாடி சார். ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்துமூணு."

ஏ.இ. சார் முகம் விழுந்துவிடும். அடுத்த மாதம் மறுபடி இதே உரையாடல் நடக்கும். இரண்டு பேருமே அலுத்துக்கொண்டதில்லை.

அந்த வருஷம் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே, ஊருக்குக் கிழக்கே உள்ள வடிகால் வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. எங்கள் பக்கம் மேட்டூர்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும். மழைத் தண்ணீரோ முதலில் வந்து கடைசியாகத்தான் வடியும். வடிகால் அடைத்திருந்தால் சம்பா பயிர் வாரக்கணக்கில் தண்ணீருக்குள் நின்று அழுகிவிடும். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர். விவசாயிகள் தினமும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். சத்தம் போட்டவர்களைச் சமாளிக்க முடிந்தது. சும்மா நின்று பார்த்துவிட்டுப் போனவர்களைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

இயந்திரம் அனுப்பச் சொல்லி மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினோம். மூன்றிலும் லத்தீன் மேடம் விஞ்ஞானப் பெயரை அடித்திருந்தார். மூன்றிலும் ஏ.இ. சார் அதைச் சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டு "ஆகாயத்தாமரை" என்று எழுதினார். மூன்றுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில் வந்தது.

நான்காவது கடிதம் கையெழுத்துக்குப் போனபோது ஏ.இ. சார் செல்போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஓவர். படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"ஐக்கார்னியா கிராசிபஸ், கிழக்கு வடிகால் வாய்க்காலை முழுவதுமாக ஆக்கிரமித்துள்ளது. உடனடியாக அகற்ற வேண்டுகிறோம்" என்று கடிதம் போயிற்று. மேலிடத்தில் யாரோ "ஆக்கிரமித்துள்ளது" என்பதை எழுத்துப்பிழை என்று எடுத்துக்கொண்டு, "ஆக்கிரமித்துள்ளார்" என்று திருத்திவிட்டார்கள். மூன்றே நாளில் பதில் வந்தது. எங்கள் ஆபீஸ் வரலாற்றில் அப்படி ஒரு வேகம் கிடையாது.

"மேற்படி ஐக்கார்னியா கிராசிபஸ் என்பவருக்கு, ஏழு நாட்களுக்குள் இடத்தைக் காலி செய்யுமாறு நோட்டீஸ் கொடுத்து, அறிக்கை அனுப்பவும். நபரின் விவரங்களை இணைப்பில் உள்ள படிவத்தில் நிரப்பவும்."

ஏ.இ. சாருக்கு வியர்த்துவிட்டது. கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எப்படிச் சொல்வது? "நீங்க கேட்ட நபர் ஒரு செடி" என்று எப்படி எழுதுவது?

"கேட்டிருக்காங்க. குடுத்துடுவோம்," என்றார் மெல்லிய குரலில்.

படிவத்தை லத்தீன் மேடம் நிரப்பினார். ஒரு பொய்கூடக் கிடையாது. தந்தை பெயர்: தெரியவில்லை. பூர்வீகம்: பிரேசில். தொழில்: பரவுதல். அங்க அடையாளம்: தடித்த கால். கிராசிபஸ் என்றால் தடித்த கால் என்றுதான் அர்த்தமாம்.

நோட்டீஸை மாரிமுத்து எடுத்துக்கொண்டு போனார். விஷயத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெயரைப் பார்த்தால் கிறிஸ்தவப் பெயர் மாதிரி இருக்கிறது என்று, நேராக மாதா கோயிலுக்குப் போய் ஃபாதரைப் பார்த்திருக்கிறார். ஃபாதர் பங்குப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"எங்க பங்குல இப்படி யாரும் இல்லைங்களே. எதுக்கும் லுத்தரன் கோயில்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

லுத்தரன் போதகர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "பேரு லத்தீன்ல இருக்குதுங்க. மாதா கோயில் ஆளாத்தான் இருக்கும்."

இரண்டு கோயிலுக்கும் நடுவே நான்கு தடவை சைக்கிள் மிதித்த மாரிமுத்து, ஆபீஸுக்கு வந்து பெஞ்சில் சாய்ந்துவிட்டார். "ஆளு தலைமறைவுங்க சார்."

மறுநாள் காலை லத்தீன் மேடமே கிளம்பினார். மாரிமுத்துவும் நானும் கூடப் போனோம். வடிகால் கரையில் நின்றுகொண்டு அவர் கையை நீட்டிக் காட்டினார். "கோ. மாரிமுத்து அவர்களே, இவர்தான்."

மாரிமுத்து வாய்க்காலைப் பார்த்தார். நோட்டீஸைப் பார்த்தார். பிறகு கரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பூவரச மரத்தில் சாய்ந்து, எழுந்திருக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஒரு மூங்கில் கழியை நட்டு நோட்டீஸை அதில் ஒட்டினோம்.

அப்போதுதான் மேடம் சொன்னார். "எங்கப்பா கூலிக்கு இதத்தான் பிடுங்கினாரு. இடுப்பளவு தண்ணில நின்னு, அட்டை கடிக்க கடிக்க. இதுக்கு என்னப்பா பேருன்னு சின்னப் புள்ளையில கேட்டேன். 'சனியன்'னாரு. ரொம்ப நாள் அதான் பேருன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன். காலேஜ்ல முதல் வாரம் புரொபசர் இதக் காட்டிப் பேரு கேட்டாரு. நான்தான் எந்திரிச்சேன்."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். கிளாஸே சிரிச்சுச்சு." அவரும் சிரித்தார். "அன்னைலேருந்துதாங்க எல்லாத்துக்கும் சரியான பேரத் தெரிஞ்சுக்கணும்னு ஒரு பிடிவாதம்."

அன்று மாலை அவர் டைப் செய்த அறிக்கை இது: "நோட்டீஸ் சம்பவ இடத்தில் ஒட்டப்பட்டது. அப்போது மேற்படி நபர் நேரில் இருந்தார். பதில் ஏதும் கூறவில்லை. கையெழுத்திடவில்லை." ஏழு நாள் கழித்து இன்னொன்று: "கெடு முடிந்தும் மேற்படி நபர் காலி செய்யவில்லை. மாறாக, மேற்கே மேலும் முப்பது அடி ஆக்கிரமித்துள்ளார்."

மேலிடம் கொதித்துவிட்டது. பிரேசிலிலிருந்து வந்து நம் ஊர் வாய்க்காலில் உட்கார்ந்துகொண்டு என்ன திமிர்! மறுநாளே பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு வேன் நிறைய போலீஸ். அதற்கும் பின்னால், நாங்கள் மூன்று கடிதம் எழுதியும் வராத பொக்லைன் இயந்திரம், லாரியில் ஏறி அசைந்து அசைந்து வந்தது. கரையில் ஊர் கூடிவிட்டது. வானம் கறுத்து, தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

இன்ஸ்பெக்டர் மாரிமுத்துவிடம் விசாரித்தார். "தனி ஆளா, குடும்பத்தோட இருக்கானா?"

"குடும்பம் பெருத்துப் போச்சுங்க ஐயா. தினம் தினம் கூடிக்கிட்டே போவுது."

"எங்கய்யா அந்த ஐக்கார்னியா?" என்று அதிகாரி இரைந்தார்.

ஏ.இ. சார் மூச்சை நிறுத்திவிட்டார். நான் என் செருப்பைப் பார்த்தேன். லத்தீன் மேடம் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இதோ, உங்க முன்னாடிதான் சார். ஆகாயத்தாமரை."

அதிகாரியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்து, மறுபடி சிவந்தது. "விளையாடறீங்களாம்மா? உங்க வேலை போயிடும், தெரியுமா?"

"தெரியும் சார்." மடக்கிய குடையால் வாய்க்காலைக் காட்டினார். "மூணு தடவை ஆகாயத்தாமரைன்னு எழுதினோம், யாரும் வரல. நாலாவது தடவை முழுப்பேரை எழுதினேன், நீங்களே வந்துட்டீங்க. லெட்டர்ல ஒரு வார்த்தை பொய் இருந்தா என்னைய சஸ்பெண்ட் பண்ணுங்க. ஆனா மிஷின மட்டும் திருப்பி அனுப்பாதீங்க சார். நாளைக்கு மழை வந்துடும்."

அதிகாரி கையிலிருந்த ஃபைலைத் திறந்தார். ஆக்கிரமிப்பு, சரி. பூர்வீகம், சரி. தடித்த கால் என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. உதடு துடித்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். ஒரு செடியைப் பிடுங்கி எடுத்து அதன் உப்பிய காம்பைப் பார்த்தவர், "தடித்த கால்!" என்று சொல்லி, தலையை அண்ணாந்து சிரித்தார் பாருங்கள், போலீஸ்காரர்கள் அட்டென்ஷனில் நின்றுவிட்டார்கள்.

"லாரியிலேருந்து இறக்குங்கய்யா மிஷின!" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆக்கிரமிப்ப அகற்றிட்டுத்தான் போவணும்."

இரண்டு நாள் வேலை நடந்தது. மூன்றாம் நாள் மழை பிடித்து ஒரு வாரம் விடாமல் கொட்டிற்று. வடிகாலில் தண்ணீர் திமுதிமு என்று ஓடியதைப் பார்க்க ஊரே குடையோடு வந்தது. பயிர் தலையைத் தூக்கிக்கொண்டது. மேடத்துக்கு மட்டும் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. பதினோரு பக்கம் விளக்கம் கொடுத்தார், செடியின் முழு வரலாற்றோடு. இரண்டாம் பக்கம் தாண்ட யாருக்கும் தெம்பில்லாததால் "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஃபைலை மூடிவிட்டார்கள்.

நான் பிறகு பாபநாசத்துக்கு மாற்றலாகி, வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு வந்துவிட்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் போன் வந்தது.

"சு. ரவிச்சந்திரன் அவர்களா? ஒரு துக்க சமாச்சாரம். பேரை மாத்திட்டாங்க."

"யார் பேருங்க மேடம்?"

"ஐக்கார்னியாதான். இனிமே பான்டிடேரியாவாம். எண்பத்துமூணுக்கு முன்னாடி இருந்த குடும்பத்துலயே திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டாங்க. ஆராய்ச்சி பண்ணிச் சொல்றாங்க, நான் என்ன சொல்ல? அந்தப் பழைய நோட்டீஸ் இப்ப செல்லுமா செல்லாதா?"

செல்லும் என்று சட்டம் தெரிந்தவன் மாதிரி அடித்துச் சொன்னேன். அரைமனசோடு போனை வைத்தார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ரிட்டயர் ஆகி, அதே ஊரில்தான் இருக்கிறார். பஸ் ஏற்றிவிட ஸ்டாப்பிங் வரை கூட வந்தார். நிழற்குடைச் சுவரின் வெடிப்பில் ஒரு பொடிச் செடி முளைத்திருந்தது. மேடம் குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது எனக்குத் தெரியலைங்களே!"

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அறுபது வயது தாண்டிய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலையை எண்ணினோம். பூவின் இதழை எண்ணினோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் பஸ் வந்து, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, போய்விட்டது.

அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதுவும் கொஞ்சம் லேட்டாக வந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.